டெக்கின் அடியில் தங்கியிருக்கும் ஒப்பாசத்தைப் பிடிக்காமல் அனுப்புவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் சென்ற ஆண்டு வீடு வாங்கியிருக்கிறீர்கள். பின்புறத் தோட்டத்தில் மரத்தாலான டெக், அதாவது தரைக்கு மேலே உயர்த்திக் கட்டிய பலகைத் தளம். இரண்டு வாரமாக இரவில் அதன் அடியில் சலசலப்பு கேட்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தபோது வெள்ளை முகமும் எலி வால் போன்ற மயிரற்ற வாலும் கொண்ட, பூனை அளவுள்ள விலங்கு ஒன்று வாயைப் பிளந்து சீறியிருக்கிறது. அதுதான் ஒப்பாசம். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மா பயந்துபோயிருக்கிறார். உங்கள் கணவர் கடையிலிருந்து கூண்டு வாங்கி வந்துவிட்டார். பிடித்து மிஷன் பீக் மலைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாமா, அதுதானே இரக்கமான வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூண்டு வைக்காதீர்கள். அது இரக்கமான வழி அல்ல, சட்டப்படியான வழியும் அல்ல. இரண்டையும் விளக்குகிறேன்.

சட்டத்தை முதலில் பார்ப்போம். கலிஃபோர்னியாவின் வனவிலங்கு விதிகள்படி, இப்படிப் பொறி வைத்துப் பிடிக்கும் விலங்கைப் பிடிபட்ட இடத்திலேயே விட்டுவிட வேண்டும், அல்லது உடனே கொன்றுவிட வேண்டும். அனுமதி இல்லாமல் வேறோர் இடத்துக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போய் விடுவது குற்றம். மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் இதே தடை இருக்கிறது. இந்த விதியைக் கேட்டதும் பலருக்கும் கோபம் வருகிறது. 'கொல்லலாம், காட்டில் விடக்கூடாதா?' என்கிறார்கள். காரணம் இருக்கிறது. ஒரு பகுதியில் இருக்கும் நோய் விலங்கோடு சேர்ந்து இன்னொரு பகுதிக்குப் போய்ச் சேரும். இறக்கிவிடும் இடத்தில் ஏற்கெனவே வாழும் விலங்குகளோடு இரைக்கும் வளைக்கும் மோதல் வரும். இவற்றுக்கெல்லாம் மேலாக, விடப்பட்ட விலங்கு பெரும்பாலும் பிழைப்பதில்லை. 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில், புறநகர் வீடுகளிலிருந்து பிடித்துப் பெரிய காட்டில் விடப்பட்ட சாம்பல் அணில்களில் 97 சதவீதம் 88 நாட்களுக்குள் இறந்துபோயின அல்லது அந்த இடத்தை விட்டுக் காணாமல் போயின. அது அணில்களைப் பற்றிய ஆய்வுதான் என்றாலும் ஒப்பாசத்தின் நிலை இதைவிட மேலாக இருக்கும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. எங்கே தண்ணீர், எங்கே பதுங்கிடம், எந்தப் பக்கம் கொயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கு வரும் என்று எதுவும் தெரியாத மலைச்சரிவில் நள்ளிரவில் இறக்கிவிடுவதற்கு விடுதலை என்று பெயர் சூட்டிக்கொள்வது நம் மனசாட்சிக்கு மட்டுமே உதவும்.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. உங்கள் டெக்கின் அடியில் இருப்பது தாயாக இருந்தால், பிடிபடுவது ஓர் உயிர் மட்டுமாக இருக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது இந்த விலங்கைப் பற்றி. வர்ஜீனியா ஒப்பாசம் என்பது இதன் முழுப் பெயர். மெக்சிகோவுக்கு வடக்கே இயற்கையாக வாழும் ஒரே வயிற்றுப்பை விலங்கு, அதாவது கங்காருவின் தூரத்து உறவு. கலிஃபோர்னியா இதன் பூர்வீகம் அல்ல. நூறாண்டுகளுக்கும் முன்பு இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கிழக்கு மாநிலங்களிலிருந்து கொண்டுவரப்பட்டு, இங்கே பெருகிவிட்டது. வாயில் 50 பற்கள் இருக்கின்றன. வட அமெரிக்காவின் நிலவாழ் பாலூட்டிகளில் இவ்வளவு பற்கள் வேறு எதற்கும் கிடையாது. நீங்கள் டார்ச் அடித்தபோது அது காட்டியது அவற்றைத்தான். பார்க்க அச்சமாக இருக்கும், உண்மைதான். ஆனால் அந்தச் சீறலும் எச்சில் வடிவதும் வெறும் மிரட்டல். ஓட வழி இருந்தால் அது ஓடவே பார்க்கும். மூலையில் மடக்கிக் கையை நீட்டினால் கடிக்கும், மற்றபடி தாக்க வராது.

உங்களுக்கு மிகவும் சாதகமான செய்தி இதன் குடியிருக்கும் பழக்கம். ஒப்பாசம் நாடோடி. தானாக வளை தோண்டாது. மற்ற விலங்குகள் விட்டுப்போன வளை, மரப்பொந்து, விறகுக் குவியல், டெக்கின் அடி என்று கிடைத்த இடத்தில் சில நாட்கள் தங்கி, அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். பக்கத்தில் தீனி தாராளமாகக் கிடைத்தாலோ, குளிர் அதிகமாக இருந்தாலோ, முதுகில் குட்டிகள் இருந்தாலோதான் ஓரிடத்தில் நீண்ட நாள் தங்கும். உங்கள் வீட்டில் இரண்டு வாரமாகத் தங்கியிருக்கிறது என்றால், அதைப் போகவிடாமல் ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து நீக்குவதுதான் வேலையில் பாதி.

உங்கள் கடிதத்திலேயே அதற்கான விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அம்மா தினமும் காலையில் டெக்கின் கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊர்க் காக்கைகள் வந்து தின்றது போக மீதி இரவு வரை அங்கேயே கிடக்கும். நெய்யும் பருப்பும் பிசைந்த சோற்றின் வாசம் இரவில் நடமாடும் விலங்குக்கு வெகு தூரத்திலிருந்தே தெரியும். அம்மாவிடம் நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஒரு கைப்பிடி அளவு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். பத்து மணிக்குள் தட்டை எடுத்துக் கழுவிவிடச் சொல்லுங்கள். நம் வீடுகளில் இதுபோல இன்னும் சில இருக்கும். கறிவேப்பிலைத் தொட்டிக்கு உரம் என்று ஊற்றும் மோர், அரிசி களைந்த நீர். மூடியில்லாமல் தோட்டத்து மூலையில் கொட்டும் காய்கறித் தோல். எலுமிச்சை, அத்தி மரங்களின் அடியில் உதிர்ந்து அழுகும் பழங்கள். பழங்களை அன்றன்று பொறுக்குங்கள். மட்கும் கழிவை மூடியுள்ள தொட்டிக்கு மாற்றுங்கள். பக்கத்து வீட்டார் தெருப்பூனைகளுக்கு இரவில் உணவு வைக்கிறார்களா என்று விசாரியுங்கள். வைக்கிறார்கள் என்றால் பகலில் வைத்து மாலையில் எடுக்கும்படி தன்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பறவைத் தீவனக் கூடு தொங்கினால் அதன் அடியில் சிந்தும் விதைகளையும் கூட்டிவிடுங்கள். இவ்வளவு செய்ததுமே சலசலப்பு தானாக நின்றுவிட்ட வீடுகள் பலவற்றை எனக்குத் தெரியும்.

அடுத்து, உள்ளே இருப்பது உண்மையிலேயே ஒப்பாசம் மட்டும்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டெக்கின் அடியில் ஸ்கங்க் (நாற்றத் திரவம் பீய்ச்சும் கறுப்பு வெள்ளை விலங்கு) குடியேறுவது நம் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் மிகவும் சாதாரணம், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை கொண்ட ரக்கூனும் வரும். இவை ஒவ்வொன்றுக்கும் அணுகுமுறை வேறு. இதற்கு அரிசி மாவு போதும். டெக்கைச் சுற்றி வந்து, விலங்கு நுழையும் வழி எது என்று பாருங்கள். மண் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும், ஓரத்து மரத்தில் சாம்பல் நிற மயிர் ஒட்டியிருக்கும். அந்த வழியின் முன்னால் மாலையில் ஒரு முழ அகலத்துக்கு மாவை மெல்லியதாகத் தூவி வையுங்கள். மறுநாள் காலையில் தடம் பாருங்கள். ஒப்பாசத்தின் பின்னங்காலில் கட்டைவிரல் நம் கையில் இருப்பதுபோல் பக்கவாட்டில் விலகி நிற்கும். அதற்கு நகமும் கிடையாது. முன்னங்கால் விரல்கள் நட்சத்திரம்போல் விரிந்திருக்கும். சில சமயம் நடுவில் வால் இழுபட்ட கோடும் தெரியும். ஒருமுறை பார்த்துவிட்டால் வேறெதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். ரக்கூனின் தடம் சிறு குழந்தையின் உள்ளங்கைபோல் நீண்ட விரல்களோடு இருக்கும். ஸ்கங்க்கின் தடம் சிறியது, நகக் குறிகள் விரலுக்கு முன்னால் தள்ளித் தெரியும். தடம் உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்பதையும் மாவே சொல்லிவிடும்.

வெளியே போய்விட்டது என்று தெரிந்ததும் உடனே அடைத்துவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். இங்கேதான் தாய் ஒப்பாசத்தின் விஷயம் வருகிறது.

ஒப்பாசத்தின் கர்ப்ப காலம் 12 அல்லது 13 நாட்கள் மட்டுமே. பிறக்கும்போது குட்டி ஒரு தேனீ அளவுதான் இருக்கும். கண் இல்லை, காது இல்லை, பின்னங்கால்கள் கூடச் சரியாக உருவாகியிருக்காது. முன்னங்கால்களால் தாயின் மயிரைப் பற்றி ஏறி வயிற்றுப்பைக்குள் போய், முலைக்காம்பை வாயில் பற்றிக்கொள்ளும். காம்பு வாய்க்குள்ளேயே வீங்கிக்கொள்வதால் விட்டு விலகாது. தாய்க்கு வழக்கமாக 13 காம்புகள் இருக்கும். அவற்றில் இடம் பிடிக்காத குட்டிகள் பிழைப்பதில்லை. இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் பைக்குள்ளேயே வளரும். அந்தக் காலத்தில் தாய் எங்கே போனாலும் குட்டிகளும் கூடவே போய்விடும் என்பதால் வழியை அடைப்பதில் சிக்கல் இல்லை. அதன் பிறகுதான் கவனம் தேவை. பையை விட்டு வெளியே வந்த குட்டிகள் தாயின் முதுகில் தொற்றிக்கொண்டு போகும், அல்லது தாய் இரை தேடப் போகும்போது வளையிலேயே படுத்திருக்கும். அந்த வேளையில் வழியை அடைத்தால் குட்டிகள் உள்ளேயே பட்டினி கிடந்து சாகும். டெக்கின் அடியிலிருந்து வரும் நாற்றம் பல வாரங்கள் போகாது. தாய் இரவெல்லாம் வந்து பலகையைப் பிறாண்டும்.

ஆண்டில் ஜனவரி, பிப்ரவரியில் இனப்பெருக்கக் காலம் தொடங்குகிறது. ஆண்டுக்கு இரண்டு ஈற்று வரை உண்டு. ஆகவே வசந்தத்தின் நடுவிலிருந்து இலையுதிர் காலத் தொடக்கம் வரை குட்டிகள் வளையில் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டே செயல்படுங்கள். பகலில் டார்ச்சும் கைபேசிக் கேமராவும் வைத்து டெக்கின் அடி முழுவதையும் பாருங்கள். உலர்ந்த இலைகள் குவித்த படுக்கை தெரிகிறதா, அதில் அசைவு இருக்கிறதா, தும்மல்போல் மெல்லிய ஒலி கேட்கிறதா என்று கவனியுங்கள். குட்டிகள் தாயை அழைக்கும் ஒலி அப்படித்தான் இருக்கும். குட்டிகள் இருந்தால் சில வாரம் பொறுத்திருங்கள் என்றுதான் சொல்வேன். நான்கு மாதம் ஆவதற்குள் அவை தனித்துப் போய்விடும்.

குட்டிகள் இல்லை என்று தெரிந்தால் வேலை எளிது. நுழைவழியில் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாகத் திணித்து வையுங்கள். உள்ளே விலங்கு இருந்தால் அன்றிரவே தாளைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மூன்று இரவுகள் தொடர்ந்து தாள் அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை, அடைத்துவிடலாம். தாள் தினமும் கலைந்துகொண்டே இருந்தால் ஒருவழிக் கதவு வையுங்கள். கம்பிவலைத் துண்டு ஒன்றை நுழைவழியின் மேல்விளிம்பில் மட்டும் பொருத்தித் தொங்கவிட்டு, வெளிப்புறமாக மட்டும் திறக்கும்படி அமைத்தால் போதும். உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வெளியே வரலாம், திரும்ப உள்ளே போக முடியாது. சில இரவுகள் அப்படியே விட்டுவிட்டு, மாவில் புதுத் தடம் இல்லை என்று உறுதியானபின் நிரந்தரமாக அடையுங்கள். ரேடியோவைப் பேச்சு நிகழ்ச்சியில் வைத்து டெக்கின் மேல் விடுவது, இரவில் விளக்கெரிப்பது ஆகியவை கொஞ்சம் வேகப்படுத்தும், அவ்வளவுதான். பாச்சை உருண்டையைப் போடச் சொல்லி யாராவது அறிவுரை சொல்வார்கள். போடாதீர்கள். அது பூச்சிக்கொல்லி, டப்பாவில் குறிப்பிட்டிருப்பதைத் தவிர வேறு விதமாகப் பயன்படுத்துவது சட்டவிரோதம். அந்த நெடி குழந்தை விளையாடும் இடத்துக்கும் ஏறி வரும். எலி விஷமும் அப்படித்தான். ஒப்பாசம் சாவதோடு அது நிற்காது, செத்ததைத் தின்னும் பறவைக்கும் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் போய்ச் சேரும்.

அடைக்கும் வேலையை அரைகுறையாகச் செய்தால் அடுத்த மாதமே வேறொன்று குடிவரும். ஹோம் டிப்போ போன்ற கடைகளில் அரை அங்குலக் கண் கொண்ட, துத்தநாகம் பூசிய கம்பிவலை சுருளாகக் கிடைக்கும். கோழிக்கூண்டு வலை வேண்டாம், அது மெலிது. டெக்கைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, வலையின் மேல்பகுதியை மரச்சட்டத்தில் திருகாணியும் வாஷரும் போட்டு இறுக்குங்கள். கீழ்ப்பகுதியைப் பள்ளத்தில் இறக்கி, அடியில் வெளிப்புறமாக ஓர் அடி மடித்து விட்டு மண்ணால் மூடுங்கள். ஒப்பாசம் தோண்டாது என்றேனே, பிறகு எதற்கு இந்தப் பள்ளம் என்று கேட்கலாம். ஸ்கங்க் தோண்டும். டெக்கின் ஓரத்தில் தோண்டத் தொடங்கும் விலங்குக்கு மடிப்பு குறுக்கே நிற்கும். அதே கையோடு வீட்டின் அடித்தளக் காற்றுத்துளைகளின் வலைகளையும் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் அவற்றில் ஒன்றிரண்டு துருப்பிடித்துப் பிய்ந்திருக்கும்.

நோய் பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். ஒப்பாசத்துக்கு ரேபிஸ் வருவது மிகவும் அரிது. மற்ற பாலூட்டிகளைவிட உடல் வெப்பம் குறைவாக இருப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அரிது என்றாலும் வராது என்று அர்த்தமில்லை. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். நான் ரேபிஸைவிட அதிகம் கவலைப்படுவது தெள்ளுப்பூச்சியைப் பற்றி. ஒப்பாசத்தின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிகள் வழியாக முரைன் டைஃபஸ் என்ற காய்ச்சல் மனிதருக்குப் பரவுகிறது. தெற்கு கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்ச் மாவட்டங்களிலும் டெக்சஸிலும் இது இருந்துவருகிறது. ஆகவே டெக்கின் அடியைச் சுத்தம் செய்யும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் அணியுங்கள். எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்காமல் நனைத்து அள்ளிப் பையில் கட்டிப் போடுங்கள். குழந்தை மண்ணில் விளையாடிவிட்டு வந்தால் கை கழுவச் சொல்லுங்கள். இவ்வளவு போதும்.

ஒப்பாசத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு புள்ளிவிவரம் உண்டு: ஒரு பருவத்தில் ஓர் ஒப்பாசம் 5000 உண்ணிகளைத் தின்றுவிடும் என்பது. 2009-இல் வெளியான ஆய்வின் மதிப்பீட்டிலிருந்து பரவிய செய்தி அது. கூண்டில் வைத்த விலங்குகளிடமிருந்து கணக்கிட்டது. 2021-இல் இலினாய் மாநிலத்தில் 32 ஒப்பாசங்களின் இரைப்பையைச் சோதித்துப் பார்த்தபோது ஓர் உண்ணி கூட இல்லை. நல்ல நோக்கத்துக்காகத் தவறான தகவலைச் சொல்வது எனக்கு ஒப்பாது. நத்தை, கரப்பான், சுண்டெலி, அழுகிய பழம், செத்த விலங்கு ஆகியவற்றைத் தின்கிறது என்பதும், வாலை ஆட்டி ஒலியெழுப்பும் ராட்டில் பாம்பின் விஷத்தைத் தாங்கும் உடல் அதற்கு இருக்கிறது என்பதும் உண்மை. அதற்கு மேல் எதையும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நமக்குப் பயன்படுகிறதோ இல்லையோ, வீட்டோரத்தில் ஒதுங்கிய உயிரை வதைக்காமல் அனுப்புவது நம் கடமை.

குழந்தையும் அம்மாவும் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. என்றாவது காலையில் தோட்டத்தில் ஒப்பாசம் செத்துக் கிடப்பதுபோல் கிடக்கலாம். உடல் சுருண்டு, வாய் திறந்து, நாக்கு தொங்கி, எச்சில் வழிந்து, பின்புறத்திலிருந்து பச்சை நிறத் திரவம் கசிந்து கடுமையாக நாறும். தொட்டாலும் அசையாது. அது நடிப்பு அல்ல. மிதமிஞ்சிய பயத்தில் உடல் தானாகவே அப்படிச் சாய்ந்துவிடுகிறது. சில நிமிடங்களும் ஆகலாம், நான்கு மணி நேரமும் ஆகலாம். குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். நாய் இருந்தால் உள்ளே கட்டிவிட்டு, யாரும் பக்கத்தில் போகாமல் விடுங்கள். முதலில் காது லேசாகத் துடிக்கும். பிறகு தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாக நடந்து போய்விடும்.

கராஜுக்குள் நுழைந்துவிட்டால் இருட்டுவதற்கு முன் கதவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வைத்து, விளக்கை அணைத்து, வாசலில் மாவு தூவிவிட்டு வந்துவிடுங்கள். தடம் வெளியே போனபின் மூடுங்கள். குப்பைத் தொட்டிக்குள் விழுந்திருந்தால் தொட்டியை மெதுவாகப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டால் போதும்.

தனியாகத் திரியும் குட்டியைக் கண்டால் மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை அளவு பாருங்கள். ஏழு அங்குலத்துக்கு மேல் இருந்தால் அது தனியாக வாழும் வயதை அடைந்துவிட்டது, விட்டுவிடுங்கள். குறைவாக இருந்தால் அதற்கு உதவி தேவை. சாலையில் அடிபட்டுக் கிடக்கும் தாயின் பைக்குள் குட்டிகள் உயிரோடு இருக்கக்கூடும். காம்பைப் பற்றியிருக்கும் குட்டியை இழுத்தால் அதன் வாய் கிழிந்துவிடும். தாயோடு சேர்த்தே பெட்டியில் வைத்து வனவிலங்கு மீட்பு நிலையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அருகிலுள்ள நிலையத்தை அனிமல் ஹெல்ப் நவ் என்ற இணையதளத்தில் தேடலாம். வழியில் பாலோ சோறோ கொடுக்காதீர்கள். நான் தன்னார்வலராக இருக்கும் மீட்பு நிலையத்தில் இந்தக் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுப்பதில்லை, ஏனென்றால் அவற்றுக்கு உறிஞ்சத் தெரியாது. நூல்போல் மெல்லிய குழாயை எடுத்து, குட்டியின் வாயிலிருந்து கடைசி விலா எலும்பு வரை வைத்து அளந்து, அந்த இடத்தில் பேனாவால் குறியிட்டு, அந்தக் குறி வரை மட்டும் வாய் வழியாக இறக்கி, இரைப்பைக்கே பாலைச் செலுத்துகிறோம். வெப்பமும் அளவும் சிறிது பிசகினாலும் குட்டி இறந்துவிடும். ஆசையாக இருக்கிறது என்று வீட்டில் வைத்து வளர்ப்பது இந்த மாநிலத்தில் குற்றம். பசும்பாலும் சோறும் தின்று வளர்ந்து, சுண்ணாம்புச் சத்தில்லாமல் எலும்பு வளைந்து, நடக்க முடியாத நிலையில் எங்களிடம் கொண்டுவரப்படும் ஒப்பாசங்களை நேராக்க எந்த மருத்துவராலும் முடிவதில்லை.

இதையெல்லாம் நீங்களே செய்ய நேரமில்லை என்றால் ஆள் வைக்கலாம். ஆனால் பேசும்போதே கேளுங்கள்: விலங்கைப் பிடித்தபின் என்ன செய்வீர்கள்? 'காட்டில் விட்டுவிடுவோம்' என்று பதில் வந்தால் அது உண்மையாக இருக்காது, அல்லது சட்டமீறலாக இருக்கும். பிடிக்கும் விலங்குக்கு இவ்வளவு என்று கட்டணம் சொல்பவரைத் தவிர்த்துவிடுங்கள். வழிகளை அடைத்துத் தருகிறேன், ஒருவழிக் கதவு வைக்கிறேன், குட்டிகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கிறேன், அடைத்ததற்கு ஓராண்டாவது உத்தரவாதம் தருகிறேன் என்பவரை வையுங்கள்.

கூண்டைப் பொறுத்தவரை, ரசீது இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். உங்கள் கணவர் ஏற்கெனவே வைத்து, இதைப் படிப்பதற்குள் அது உள்ளே மாட்டியிருந்தால், கூண்டின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி நிழலில் வையுங்கள். மாலை இருட்டியதும் அதே தோட்டத்தில், டெக்கைப் பார்த்தபடி கதவைத் திறந்து வைத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குள் போய்விடுங்கள். மறுநாள் மாலையிலிருந்து மாவு தூவும் வேலையைத் தொடங்கலாம்.